வளையலுக்குக் கீழே

செப்டம்பர் 15, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயாது என்று செலண்டார் ஊர் முழுக்க எங்கள் டோபிக்கு, சலவைக் கடைக்கு, வந்துவிட்டது. உலர்த்தும் இயந்திரம் இரண்டும் ஓயவில்லை. மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் வறண்டுவிட்டது.

பேச வேண்டாத வேலை. அதனால்தான் பிடிக்கிறது. முன்னால் உட்கார்ந்து துணி வாங்குவது முதலாளியம்மா, சீனத்தி. பின்னால் நின்று மடிப்பது நான். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டதற்கு அப்பா இறந்ததைத்தான் எல்லாரும் காரணம் சொல்கிறார்கள். பாதி உண்மை. எழுந்து நின்று வாசி என்றால் எனக்குக் குரலே வராது. இங்கே யாரும் வாசிக்கச் சொல்வதில்லை.

வீட்டுக்குப் போனால் வாளியில் அக்காவின் வாந்தி. காலையில் குடித்த கஞ்சி அப்படியே. ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துப் பாச்சாங்கில் இருக்கிற புகுந்த வீட்டிலிருந்து அழைத்து வந்து இரண்டு வாரம். அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"மசக்கை ஏழாம் மாசமும் இருக்குமாம்மா?"

"உன்னச் சொமந்தப்ப எனக்குக் கடைசி வரைக்கும் இருந்துச்சி. அவ்ளோ பாடுபடுத்திட்டு வெளிய வந்தும் ஒரு வார்த்தை பேசல நீ."

அக்கா சிரித்தாள். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை இருக்கிற இடம் இல்லை. அதற்கும் மேலே, நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே.

"கேஸ்ட்ரிக் லா," என்றாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பொது விடுமுறை. வெயில். மெத்தை விரிப்புகளை வெளியே போட்டேன்.

அக்காவைக் குளிப்பாட்டினேன். தானாகக் குனிய முடியவில்லை. இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதி தூரம் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். பிள்ளை பிறக்கும் வரை கழற்றக்கூடாது. தண்ணீர் ஊற்றும்போது கிலுகிலு என்றது. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அது கேட்குமாம்.

தொடையில் இரண்டு. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. கருநீலம், ஓரத்தில் மஞ்சள்.

வளைகாப்பன்று சந்தனம் பூச ரவிக்கைக் கையை ஒதுக்கியபோதே அக்கா தோளில் ஒன்றை அம்மா பார்த்துவிட்டார். கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவின் போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டார். என் போனிலிருந்து அத்தானைக் கூப்பிட்டு ஒரே பேச்சு: "என் பொண்ணு இங்கதான் இருப்பா. இந்தப் பக்கம் கால வைக்காத."

அத்தானுக்கு டயர் கடையில் வேலை. பெரிய கைகள். எவ்வளவு கழுவினாலும் நகத்துக்குள் கறுப்பு போகாது.

இன்றும் அக்கா சொன்னாள். "அவரு அடிக்கலம்மா. சத்தியமா இல்ல. தானா வருது. எதுல இடிச்சேன்னு எனக்கே தெரியல."

"நானும் எங்கம்மாகிட்ட இதத்தான் சொன்னேன். கதவுல இடிச்சிக்கிட்டேன். பாத்ரூம்ல வழுக்கிட்டேன்."

அம்மாவுக்கு அந்த நிறம் தெரியும். எனக்கும் தெரியும். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. இன்னும் யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்போம்.

அத்தானோடு நான் எப்போதும் அதிகம் பேசியதில்லை. அவர்தான் சீண்டுவார். "என்ன சுதா, ரேடியோ ரிப்பேரா?" நான் சிரிப்பேன். அதுதான் எங்கள் பேச்சு. நல்லவர் என்று நினைத்திருந்தேன். அப்பாவும் வெளியாட்களிடம் சிரிக்கச் சிரிக்கத்தான் பேசுவார்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. அம்மா சட்டி பானையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார். இனி ஒரு மாதம் கவிச்சி கிடையாது.

அக்காவுக்கு ரத்தம் குறைவு என்று கிளினிக்கில் ஈரல் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். அம்மா அதற்குப் பதில் முருங்கைக்கீரை வைத்தார். இரண்டு வாயோடு சரி. "நாலு வாய் சாப்புட்டாலே வயிறு ரொம்பிப் போவுதும்மா."

அக்கா பல் துலக்கி எச்சில் துப்பினால் ரோஸ் நிறம். புது பிரஷ், கெட்டியாக இருக்கும் என்றார் அம்மா.

அக்காவின் கிளினிக் நாள் போன வாரமே போய்விட்டது. பாச்சாங்கில்தான் பதிவு. அங்கே போனால் அத்தான் வந்து நிற்பார் என்று அம்மா விடவில்லை. இங்கே மாற்றிக்கொள்ளலாமாம், அடுத்த வாரம். மழை விட்டதும்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று அத்தான் டோபிக்கு வந்தார்.

வாசலில் மோட்டர் சைக்கிள் நிற்கிற சத்தம். பிறகு அவர் குரல். "சுதா இருக்காளா?" முதலாளியம்மாவிடம் மலாயில். நான் கம்பளி அடுக்குகிற அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்தே முதலாளியம்மாவுக்குக் கையைக் காட்டினேன். இல்லை என்று சொல்லுங்கள்.

"போய்விட்டாள்," என்று சொன்னார்.

அத்தான் உடனே போகவில்லை. கிளினிக்கிலிருந்து இரண்டு தரம் போன் வந்ததாம். ரத்தம் சரியில்லை, உடனே கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

ஒரு பை மங்குஸ்தீன் வைத்துவிட்டுப் போனார். அக்காவுக்குப் பிடிக்கும். முதலாளியம்மா ஒன்றை உடைத்துத் தின்றுகொண்டே, "நல்ல ஆளாத்தான் தெரியுது," என்றார். நான் அடுத்த விரிப்பை மடித்தேன்.

வீட்டில் சொன்னேன். அம்மா, "கூட்டிக்கிட்டுப் போறதுக்கு ஒரு சாக்கு," என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பாவும் அம்மாவைத் திரும்ப அழைத்துப்போக வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பை கொண்டுவருவார்.

ஒரு ஆளை வேண்டாம் என்று சொன்னது எனக்கு இதுதான் முதல் தடவை. வாயால் இல்லை, கையால்தான். இருந்தாலும் மனசுக்குள் கொஞ்சம் பெருமை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பெரிய ஆஸ்பத்திரி. நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்.

காலையில் அக்கா கக்கூசில் விழுந்துவிட்டாள். உள்ளே தார் மாதிரி கறுப்பாகப் போயிருந்தது. தூக்கி உட்காரவைத்ததும் வாந்தி. கோப்பித்தூளைக் கரைத்து ஊற்றினது போல. அம்மா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அண்ணன் சாரத்தோடு ஓடிவந்து வேனை எடுத்தார். வழி முழுக்க அக்கா ஒன்றுதான் கேட்டாள். "பிள்ள அசையுதா பாரு சுதா. கைய வச்சுப் பாரு." அசைந்தது.

பரிசோதித்தது ஒரு மலாய்ப் பெண் டாக்டர். முதுகைப் பார்த்தார். தொடையைப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்டார்.

"புருஷன்," என்று அம்மா சொன்னார்.

அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். யாரும் என்னை ஆட்டச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்தே அத்தானுக்குத் தகவல் போனது. கடைச் சட்டையோடு வந்தார். டாக்டர் அவரைத் தனியே அழைத்துப் போனார், கூடவே ஒரு காவலாளி. கண்ணாடி வழியாகத் தெரிந்தது. டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். அத்தான் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார், மறைத்து வைப்பது போல.

செப்டம்பர் 23, செவ்வாய்

அக்காவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிறகு மஞ்சளாக ஒரு பை. ரத்தத்தை உறைய வைப்பதாம். அது அவளுக்கு மிகவும் குறைவாக இருக்கிறதாம்.

அது ஏறிய பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் கட்டி. பிள்ளை இருக்கிற வயிற்றில் இல்லை, சோறு போகிற வயிற்றில். அதில்தான் ரத்தம் கசிகிறது.

புற்று என்ற வார்த்தையை மிஸ்ஸிதான் முதலில் தமிழில் சொன்னார். தமிழ் நர்ஸ், எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மசக்கைன்னு நெனச்சேம்மா. ஓமத்தண்ணி குடுத்தேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஓமத்தண்ணீரால் வந்ததைப் போல.

சாயங்காலம் ஞாயிற்றுக்கிழமை பார்த்த டாக்டர் வந்தார். எங்களைத் தாண்டிப் போய், கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தானிடம் நின்றார். அந்தக் காயங்கள் அடித்ததால் வந்தவை இல்லை, ரத்தத்தில் உள்ள நோயால் தானாக வருபவை என்றார். அப்படிக் கேட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்றார். மலாயில், எல்லாருக்கும் கேட்கும்படி.

அத்தான், "பரவால்ல டாக்டர். நீங்க கேக்கணும் லா. கேக்காம இருந்தாத்தான் தப்பு," என்றார்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும். வெள்ளைத் தரை. நடுவில் ஒரு கல் மட்டும் மாற்றிப் போட்டது, நிறம் ஒட்டவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

நேற்று இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "பிள்ள பெத்துக்கிறதுக்கு ஒத்திகையா மிஸ்ஸி?" என்றாள்.

இன்று ரத்த டாக்டர் வந்தார். சீனர், வயதானவர், மெதுவாகப் பேசுகிறார். வயிற்றில் இருப்பது வயிற்றுப் புற்று இல்லையாம். ரத்தப் புற்றாம். ரத்தத்தில் இருக்கிற அதே கெட்ட அணுக்கள் ஒரு இடத்தில் சேர்ந்து கட்டியாக நிற்குமாம். அக்காவுக்கு அது இரைப்பையில். மிக அபூர்வம் என்றார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இன்னும் அபூர்வம். வாந்தி, வலி, சீக்கிரம் வயிறு நிறைவது எல்லாவற்றையும் மசக்கை என்றுதான் நினைக்கத் தோன்றும் என்றார். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். நல்ல மனிதர்.

"அப்ப வயித்த வெட்ட மாட்டாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

வெட்ட வேண்டியதில்லை. மருந்துதான். கடுமையான மருந்து. உடனே தொடங்க வேண்டும். அதற்கு முன் பிள்ளையை வெளியே எடுத்துவிடலாம் என்று எல்லா டாக்டர்களும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். நுரையீரல் பலப்பட அக்காவுக்கு ஊசி போட்டுவிட்டார்கள்.

அத்தான் ஒன்றே ஒன்று கேட்டார். முன்னாலேயே வந்திருந்தால்?

டாக்டர் கையிலிருந்த காகிதங்களை மடித்தார். பிறகு, "இப்போது வந்திருக்கிறீர்கள். இங்கிருந்து பார்ப்போம்," என்றார்.

இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கம்பளி அலமாரிக்குப் பின்னால் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தோம். இடையில் ஒரு சனிக்கிழமை முழுசாக இருந்தது. அன்று நான் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, மதியம் தூங்கினேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆபரேஷனுக்கு முன் வளையலைக் கழற்றச் சொன்னார்கள்.

அம்மா எழுந்து குறுக்கே நின்றார். "பிள்ள பொறக்காம கழட்டக் கூடாது மிஸ்ஸி. அது காப்பு."

"காப்புதான்மா. ஆனா உள்ள ஒடஞ்சி கைய கிழிச்சிச்சின்னா அக்காவுக்கு ரத்தம் நிக்காது. எங்க டாக்டர் என்னத்தான் ஏசுவாரு."

அக்கா கை வீங்கிப் போயிருந்தது. மிஸ்ஸி ஒன்றை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அம்மா முயன்றார். அதுவும் வரவில்லை. வெட்டுகிற கருவி கொண்டுவரலாமா என்றார்கள். கண்ணாடி சிதறும் என்று இன்னொருவர் சொன்னார்.

கதவோரம் நின்ற அத்தான் உள்ளே வந்தார். "சோப்புத் தண்ணி கெடைக்குமா மிஸ்ஸி? கொஞ்சம் கொழகொழன்னு."

கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அக்காவின் விரல்களைச் சேர்த்து ஒரு கையில் குவித்துப் பிடித்தார். வளையலுக்குக் கீழே சோப்புத் தண்ணீரைச் சுற்றித் தடவினார். ஒரு பக்கம் இறக்கி, மறுபக்கம் லேசாகத் தள்ளி, மறுபடி இந்தப் பக்கம்.

"ரிம்முலேர்ந்து டயர் கழட்டுறது இப்புடித்தான். இழுக்கக் கூடாது. சுத்திச் சுத்தி வரணும்."

"பாருங்க மிஸ்ஸி, பொண்டாட்டிய டயருங்கறாரு," என்றாள் அக்கா.

ஒன்று வந்தது. அடுத்தது. ஒன்றுகூட உடையவில்லை. ஒரு கீறல் இல்லை. அவ்வளவு பெரிய கை. நான் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வளையல் இருந்த இடம் தெரிந்தபோது அம்மா ஒரு சத்தம் எழுப்பினார். மணிக்கட்டிலிருந்து மேலே பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. நடுவில் கருநீலத்தில் பட்டைகள். எல்லாம் புதிது. வளைகாப்பன்று நான்தான் அந்தக் கையில் மஞ்சள் பூசினேன். அப்போது கை சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு அத்தான் அவளைத் தொட்டதே இல்லை. தொட்டதெல்லாம் நாங்கள். குளிப்பாட்டினோம், தலை வாரினோம், பக்கத்தில் படுத்தோம். அத்தனையும் வளையலுக்குக் கீழே வளர்ந்திருக்கிறது. நாங்கள் கிலுகிலு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வளையல்களை அம்மா தன் சேலை முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டார்.

மதியம் பிள்ளை பிறந்தது. பெண். அழுதது, பூனைக்குட்டி மாதிரி. உடனே கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மழை. பஸ் தாமதம். முதலாளியம்மா கடைக்கு வர வேண்டாம், அக்காவைப் பார் என்று சொல்லிவிட்டார். ஒரு கட்டு பழைய துண்டுகள் கொடுத்தனுப்பினார், நன்றாக வெளுத்தவை.

பிள்ளையைப் பார்க்க அத்தானை மட்டும் விட்டார்கள். போனில் படம் எடுத்து வந்து காட்டினார். கையில் பிளாஸ்திரி. மூக்கில் குழாய். பாதம் என் சுண்டுவிரல் நீளம். அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு நீலம் இருக்கிறதா என்று தேடுகிறாள். டாக்டர் பிள்ளைக்கு அந்த நோய் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார், இருந்தும் தேடுகிறாள்.

நாளைக்கு மருந்து ஏறத் தொடங்கும். தாய்ப்பால் கொடுக்க முடியாது. முடி கொட்டும். அக்கா, "கொட்டட்டும் லா. பிள்ளைக்கும் மொட்டை, எனக்கும் மொட்டை. ஒரே செலவு," என்றாள். அத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போகிறவர் மாதிரி வெளியே போனார். வெகு நேரம் வரவில்லை.

அம்மா புரட்டாசியிலும் ஈரல் சமைக்கட்டுமா என்று கேட்டார். இப்போது அது வேண்டாம் என்றார் மிஸ்ஸி. அம்மா தூக்குச்சட்டியில் அத்தானுக்கும் சோறு கொண்டுவருகிறார். "சாப்புட்டீங்களா?" என்று கேட்கிறார். முன்பு ஒருமையில் பேசுவார். இப்போது "ங்க". அதற்கு மேல் அம்மாவால் முடியவில்லை.

என்னால் அதுகூட முடியவில்லை. அவர் எதிரில் வரும்போதெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் எழுப்பி நிறுத்துகிறேன். வகுப்பில் எழுந்து நின்றதைப் போலவே இருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

மருந்து ஏறுகிறது. அக்கா தூங்கிக்கொண்டே இருக்கிறாள். விழித்தால் பிள்ளையின் எடையைக் கேட்கிறாள்.

ரத்த டாக்டர் என்னைக் கூப்பிட்டார். என்னைத்தான். மருந்து நன்றாக வேலை செய்தாலும் பிறகு அக்காவுக்கு வேறொருவரின் எலும்பு மஜ்ஜை தேவைப்படலாமாம். கூடப்பிறந்தவர்களிடம்தான் முதலில் பார்ப்பார்களாம். நான் ஒருத்திதான். பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். வற்புறுத்தவில்லை என்றார். விருப்பம்தானா என்று கேட்டார். அம்மா எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆமா," என்றேன். கேட்கவில்லை என்றார். இன்னொரு முறை சொன்னேன்.

நாளைக்குக் காலையில் ரத்தம் எடுப்பார்கள்.

அக்டோபர் 1, புதன்

வானம் மூடியிருந்தது, மழை இல்லை. முதல் பஸ்ஸில் அம்மாவும் நானும்.

இரண்டு இடத்தில் குத்தினார்கள். நரம்பு பிடிபடவில்லை. முடிவு தெரிய நாளாகும்.

பிறகு கேன்டீன். அத்தான் ஏற்கெனவே ஒரு மேசையில் இருந்தார். எனக்குப் பால் இல்லாத கோப்பி ஓ, அம்மாவுக்குத் தேத்தண்ணீர், பசியாற ரொட்டி சானாய். பஞ்சை எடுத்துப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் நீலம், ஐம்பது காசு அளவுக்கு.

அத்தான் பார்த்துவிட்டார்.

"யாரு சுதா உன்ன அடிச்சது?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். முன்பு ரேடியோ ரிப்பேரா என்று கேட்பாரே, அந்தக் குரல். அம்மா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஊசி, அத்தான்," என்றேன்.

வாய் திறந்துவிட்டதால் மூடுவதற்குள் அடுத்ததையும் சொன்னேன். "அன்னிக்கி நான் கடையிலதான் இருந்தேன்."

"தெரியும் லா. கம்பளி அலமாரிக்குக் கீழ உன் செருப்பு தெரிஞ்சிச்சி."

கோப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஆறுகிறது, குடி என்றார்.